குரங்கு பேசிய முதல் வார்த்தை

தொடர்படம் என்றாலே நமக்கு ஒரு இளக்காரம் உண்டு. முதல் படத்தில் காசு பார்த்துவிட்டான், அதே சட்டியைக் கழுவாமல் மறுபடியும் அடுப்பில் ஏற்றுகிறான் என்று நினைப்போம். பெரும்பாலும் அது சரியும்கூட. 1972இல் அமெரிக்காவில் வெளிவந்த 'கான்க்வெஸ்ட் ஆஃப் தி பிளானெட் ஆஃப் தி ஏப்ஸ்' இப்படியான ஒரு வரிசையில் நாலாவது. 1968இல் வந்த முதல் படத்துக்குச் செலவிட்டதில் மூன்றில் ஒரு பங்குகூட இதற்கு ஒதுக்கவில்லை. மொத்தமே சுமார் 17 லட்சம் டாலர். கூட்டத்தில் பின்னால் நிற்கிற குரங்குகளுக்கு ஒப்பனை கிடையாது, மாட்டிக் கழற்றுகிற முகமூடிதான். உற்றுப் பார்த்தால் தெரிந்துவிடும். இப்படி அரைகுறைச் செலவில் எடுத்த படத்தை ஐம்பது வருஷம் தாண்டியும் ஆட்கள் தேடிப்பிடித்துப் பார்க்கிறார்கள். இந்த வரிசைப் படங்களின் இன அரசியலைப் பற்றி எரிக் கிரீன் 1996இல் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். 2011இல் பெரும்பணம் கொட்டி இதே கதையைப் புதுசாக எடுத்தார்கள். ஏன்?

இந்தப் படத்தின் உயிர் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லில் இருக்கிறது என்பது என் வாசிப்பு. 'நோ' என்கிற சொல். அதை யார் யாரிடம் சொல்லலாம், யார் சொல்லக் கூடாது, சொல்லக் கூடாதவர் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் மொத்தப் படமும். அந்தச் சொல்லைக் கடைசிவரை தாங்கிப் பிடிக்கப் படத்தைத் தயாரித்தவர்களாலேயே முடியவில்லை. அந்தத் தடுமாற்றம் படத்திலேயே தழும்பாக நிற்கிறது.

இந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் நம்ம ஜனங்கள் இருந்த இடத்துக்குத்தான் போய்ச் சேருகிறோம். இதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இந்தப் படங்களுக்கெல்லாம் மூலம் பியர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர் 1963இல் எழுதிய நாவல். எழுத்தாளராவதற்கு முன்னால் அவர் எஞ்சினியர். 1936இல் மலாயாவுக்குப் போய் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அன்றைக்கு மலாயா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியது யார்? பெரும்பாலும் தமிழர்கள். அதிலும் கணிசமானவர்கள் சேரியிலிருந்து கப்பலேறியவர்கள். கங்காணி ஆள் பிடிக்க, துரை பேர் எழுத, லயத்து வீட்டில் அடைபட்டு, விடிவதற்கு முன்னால் மரத்தடிக்குப் போனவர்கள். அவர்களுக்கு மேலே, துரைமார் பக்கத்தில் நின்று இந்த உலகத்தைப் பார்த்தவர் பூல்.

அவருடைய நாவலில் குரங்குகள் எப்படி ஆட்சிக்கு வந்தன என்பதற்கு ஒரு கதை வருகிறது. வீட்டுவேலைக்குப் பழக்கிய குரங்குகளுக்கு மெல்ல மெல்லப் பேச்சு வந்ததாம். வந்த பேச்சை முதலில் எதற்குப் பயன்படுத்தின என்றால், இட்ட உத்தரவை எதிர்த்துப் பேசத்தான். மனுஷர்கள் நோஞ்சானாகி, சோம்பேறியாகி, வீட்டை விட்டுவிட்டுப் போகிறார்கள். வேலைக்காரன் வாய் திறந்தால் வீடு போச்சு என்கிற பயம் இது. இதைப் படிக்கிறபோது எனக்குத் தோட்டத்துப் பங்களாவின் வராந்தாதான் கண்ணில் வருகிறது. பூல் இதை மனசில் வைத்துத்தான் எழுதினார் என்று சாதிக்க நான் வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவன் பார்வையில்தான் இந்தக் கதை இப்படித் தெரியும் என்று மட்டும் சொல்கிறேன்.

இதே பூல் எழுதிய இன்னொரு நாவல்தான் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படமானது. 1957இல் வந்த அந்தப் படத்தை இலங்கையில் எடுத்தார்கள். சயாம் – பர்மா மரண ரயில் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போன தமிழ்த் தொழிலாளிகள் காலராவிலும் பசியிலும் ஆயிரமாயிரமாகச் செத்தார்கள். படமோ வெள்ளைக்காரக் கைதிகளின் மானப் பிரச்சினை. உலகமே கொண்டாடியது. நம்ம ஆட்கள் அந்தப் பாலத்துக்கு அடியிலே கிடக்கிறார்கள். சரி, அது தனிக் கதை.

1968இல் வந்த முதல் படமும் நாற்காலிக்காரன் பார்வைதான். சார்ல்டன் ஹெஸ்டன் நடித்த வெள்ளைக்கார விண்வெளி வீரன் குரங்குகள் ஆள்கிற உலகத்தில் போய் விழுகிறான். அங்கே மனுஷர்கள் ஊமை மிருகங்கள். இவனைக் கூண்டில் அடைக்கிறார்கள், கயிறு கட்டி இழுக்கிறார்கள். இவன் வாய் திறந்து பேசுகிற கட்டம் அந்தப் படத்தின் உச்சம். 'ஐயையோ, இவனையா கூண்டில் போட்டார்கள்' என்று பதறுவதற்காக எடுத்த படம் அது. நன்றாகத்தான் எடுத்திருக்கிறார்கள். ஆனால் கூண்டுக்குள்ளேயே பிறந்தவனுக்கு அந்தப் பதற்றத்தில் என்ன பங்கு? நாலாம் பாகம்தான் கதையைத் திருப்பிப் போடுகிறது.

*

மூன்றாம் பாகத்தில், அதாவது 1971இல் வந்த 'எஸ்கேப்'பில், எதிர்காலத்திலிருந்து தப்பி வருகிற சிம்பன்சி தம்பதி கொர்னேலியஸும் ஜீராவும் தங்கள் இனத்தின் வரலாற்றைச் சொல்கிறார்கள். எங்கள் முன்னோர்கள் அடிமைகளாக இருந்தார்கள். ஆல்டோ என்று ஒருவன் ஒருநாள் வாய் திறந்தான். மனுஷர்கள் எண்ணிக்கையில்லாமல் அவனிடம் சொல்லிச் சொல்லி வந்த ஒரு வார்த்தையையே அவன் திருப்பிச் சொன்னான். அந்த வார்த்தை 'நோ'. புராணம் மாதிரிச் சொல்கிற இந்த ஒரு துண்டிலிருந்துதான் நாலாம் பாகம் முளைக்கிறது. கொர்னேலியஸையும் ஜீராவையும் சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். பிள்ளை மட்டும் அர்மாண்டோ என்கிற சர்க்கஸ்காரரிடம் தப்பி வளர்கிறது. அவன்தான் சீசர். அப்பனாக நடித்த ராடி மக்டோவலே மகனாகவும் நடிக்கிறார். முகத்தை ரப்பர் மூடியிருக்க, கண்ணையும் தோளையும் வைத்தே ஒரு ஆயுசு அடிமைத்தனத்தைக் காட்டுகிறார். பெரிய நடிகன், அதில் சந்தேகமில்லை.

நாலாம் பாகம் நடக்கிற காலம் 1991. படம் எடுத்தபோது அது எதிர்காலம். விண்வெளியிலிருந்து வந்த ஒரு கொள்ளைநோயில் 1983இல் உலகத்து நாய்களும் பூனைகளும் செத்துப்போகின்றன. கொஞ்சி விளையாட ஏதாவது வேண்டுமே என்று குரங்கைக் கொண்டுவந்தார்கள். அது சொன்னதைச் செய்கிறது என்று தெரிந்ததும் வேலைக்கு வைத்தார்கள். தரை துடைப்பது, முடி திருத்துவது, ஓட்டலில் தட்டு எடுப்பது, கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவது. செல்லப்பிராணியிலிருந்து அடிமைக்குப் போகிற தூரம் எவ்வளவு குறைச்சல் என்பதை ஒரு நிமிஷத்துக்குள் சொல்லி முடித்துவிடுகிறார்கள். தெருவிலே வேலை பறிபோன மனுஷர்கள் ஆர்ப்பாட்டம் செய்கிறார்கள். குரங்கை அடிமையாக வைக்காதே என்றா கேட்கிறார்கள்? எங்கள் வேலையைக் குரங்குக்குக் கொடுக்காதே என்கிறார்கள். தொழிற்சங்கங்களோடு மல்லுக்கட்டிய தோழர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

குரங்குகளைப் பழக்குவதற்கென்று அரசாங்கமே ஒரு பயிற்சிக்கூடம் நடத்துகிறது. காட்டிலிருந்து பிடித்து வந்த குரங்கைக் கட்டிப்போட்டு, 'நோ' 'நோ' என்று சொல்லிச் சொல்லி வலியைக் கொடுக்கிறார்கள். கொஞ்ச நாளில் அந்தச் சத்தத்தைக் கேட்டாலே உடம்பு சுருங்கிவிடும். அதன் பிறகு சங்கிலியே வேண்டாம்.

இந்த இடத்தில் தமிழ் படித்தவன் என்கிற முறையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் 'நோ' ஒரே சொல். எஜமானன் வாயில் இருந்தாலும் அடிமை வாயில் இருந்தாலும் அதே 'நோ'. தமிழில் அப்படியில்லை. மேலே இருக்கிறவன் கீழே இருக்கிறவனைப் பார்த்துச் சொன்னால் அது 'கூடாது'. கீழே இருக்கிறவன் மேலே பார்த்துச் சொன்னால் 'மாட்டேன்'. கெஞ்சிச் சொன்னால் 'வேண்டாம்'. நடந்ததை மறுத்தால் 'இல்லை'. குழாயடியில், கோயில் வாசலில், டீக்கடை பெஞ்சில் எங்களுக்குக் 'கூடாது' மட்டும் தாராளமாகக் கிடைத்தது. 'மாட்டேன்' என்பதற்குக் கொடுத்த விலையோ எக்கச்சக்கம். சாவுக்குப் பறையடிக்க மாட்டோம், செத்த மாட்டைத் தூக்க மாட்டோம் என்று சொன்ன சேரிகளுக்கு என்ன நடந்தது என்று இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும்.

அதனால்தான் எங்க பெரியவர்கள் 'மாட்டேன்' என்று நேராகச் சொல்லியதில்லை. 'ஒடம்பு முடியலீங்க', 'காது சரியாக் கேக்கலீங்க', 'நாளைக்கி வந்துர்றனுங்க'. வாசலில் நின்று கையைக் கட்டிக்கொண்டு சொல்கிற இந்தப் பொய்கள் எல்லாம் வேஷம் போட்டு வந்த 'மாட்டேன்'கள். படத்தின் நடுப்பகுதி முழுக்க இந்தக் காரியம்தான். சீசருக்குப் பேச்சு வரும், எழுத்து தெரியும். தெரியாதவன் மாதிரி நடிக்கிறான். அவன் சைகையில் மற்ற குரங்குகளும் சொன்னதைச் சொன்னபடி செய்யாமல் கோளாறு பண்ண ஆரம்பிக்கின்றன. அறிவில்லாத மிருகம் என்று எஜமானர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். அதற்குள்ளே கத்தியும் மண்ணெண்ணெயும் துப்பாக்கியும் சேருகின்றன. கலகத்தைப் பற்றி எடுத்த படங்களில் சண்டைக் காட்சி எல்லாவற்றிலும் உண்டு. இந்த மக்கு வேஷத்தை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய படம் குறைச்சல். எனக்கு இதுதான் படத்தின் ஆகச் சிறந்த பகுதி.

பேர் வைக்கிற காட்சியும் அந்த வகைதான். ஏலத்தில் எடுத்த சிம்பன்சிக்குப் பேர் வைக்க வேண்டும். கவர்னர் பிரெக் ஒரு புத்தகத்தைத் திறந்து நீட்டுகிறான், குரங்கு எந்த இடத்தில் விரல் வைக்கிறதோ அதுதான் பேர். விளையாட்டு! குரங்கின் விரல் எதேச்சையாக அலைகிற மாதிரி அலைந்து 'சீசர்' என்கிற இடத்தில் நிற்கிறது. ஏற்கெனவே அவன் பேர் அதுதான். எஜமானன் சூட்டுகிற மாதிரியே வாங்கி, தன் பேரைத் தானே வைத்துக்கொள்கிறான். பள்ளிக்கூடச் சேர்க்கையில் வாத்தியார் இஷ்டத்துக்கு எழுதி வைத்த பேரோடு ஆயுசைக் கழித்தவர்கள் எங்கள் குடும்பங்களில் நிறைய உண்டு. சாமி பேரை வைத்தால் ஊர்க்காரன் முறைப்பான் என்று பயந்த காலமும் இருந்தது. அந்தக் காட்சியில் சிரிப்பு வர வேண்டும். எனக்குத் தொண்டை அடைத்தது.

*

இவ்வளவும் சொல்லிவிட்டு, ஒரு கேள்வியை மறைத்துவிட்டுப் போக முடியாது. ஒடுக்கப்பட்டவனைக் குரங்காகக் காட்டுகிற படத்தை நாம் எப்படிக் கொண்டாடுவது? கறுப்பின மக்களைக் குரங்கு என்பது வெள்ளை இனவெறியின் ஆகப் பழைய வசவு. மைதானங்களில் இன்றைக்கும் கறுப்பு ஆட்டக்காரர்களைப் பார்த்துக் குரங்குச் சத்தம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நம்ம பக்கத்திலும் ராமாயணத்து வானரர் யார் என்ற கேள்வியைப் பெரியார் எழுப்பி வைத்திருக்கிறார். படத்தை எழுதிய பால் டென் இங்கிலாந்துக்காரர், இயக்கிய ஜே. லீ தாம்சனும் அப்படியே. இரண்டு வெள்ளைக்காரர்கள், ஒரு குரங்குக் கூட்டம், அதுக்குப் பேர் விடுதலையா என்று ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி.

நான் இப்படிப் பார்க்கிறேன். படத்தில் மக்டொனால்ட் என்று ஒரு கறுப்பு மனிதர் வருகிறார், ஹரி ரோட்ஸ் நடித்தது. கவர்னரின் உதவியாளர். அடிமைகளின் வாரிசு என்று படமே அவரைச் சொல்கிறது. குரங்குதான் கறுப்பர் என்று படம் சொல்லியிருந்தால் இந்தப் பாத்திரத்துக்கு வேலையே இல்லை. சீசர் அவரிடம் கேட்கிறான்: மற்றவர்களை விடு, உனக்குமா புரியவில்லை? கையில் அதிகாரம் வராமல் எங்களுக்கு எப்படி விடுதலை வரும்? மக்டொனால்டுக்கு எல்லாம் புரிகிறது. சீசரைக் கொல்வதற்கு மின்சாரம் பாய்ச்சுகிறபோது ரகசியமாக இணைப்பைத் துண்டித்துக் காப்பாற்றவும் செய்கிறார். ஆனால் நாற்காலியை விட்டு எழுந்துவர முடியவில்லை. படித்து, உத்தியோகத்துக்குப் போய், மேலதிகாரியின் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு உள்ளுக்குள் புழுங்குகிற நம்ம ஆட்களை எனக்குத் தெரியும். அவர்களைக் கிண்டல் பண்ணிவிட்டுப் போவது சுலபம். இந்தப் படம் அந்த மனுஷனைக் கிண்டல் பண்ணாமல், அதே நேரத்தில் தப்பிக்கவும் விடாமல் நிறுத்தி வைத்திருக்கிறது. இருந்தாலும் ஒரு உறுத்தல் தீரவில்லை. 1991இல் கறுப்பர்களுக்கு எல்லாம் சரியாகிவிட்டது, இனிமேல் குரங்குகள் பிரச்சினைதான் பாக்கி என்கிற தொனி அந்தப் பாத்திரத்தோடு சேர்ந்தே வருகிறது. அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஏனென்றால் நிஜமான 1991 வந்தது. மார்ச் மாதம் லாஸ் ஏஞ்சலஸில் ராட்னி கிங் என்ற கறுப்பு மனிதரைப் போலீஸ்காரர்கள் ரோட்டில் போட்டுத் தடியால் அடித்ததை ஒருவர் வீட்டு மாடியிலிருந்து வீடியோ எடுத்தார். அடித்தவர்களை 1992 ஏப்ரலில் நீதிமன்றம் விட்டபோது நகரம் எரிந்தது, ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். இந்தப் படத்தின் தொடக்கத்தில் கறுப்பு உடுப்புப் போலீஸ் ஒரு கொரில்லாவைச் சூழ்ந்து நின்று அடிக்கிறது. அடிபடுவது ஆல்டோ, புராணத்தில் வந்த அதே பேர். பார்த்துக்கொண்டிருந்த சீசர் அடக்க முடியாமல் மனுஷர்களை வாய்விட்டுத் திட்டிவிடுகிறான். பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிற அர்மாண்டோ விசாரணையில் சாகிறார். இருபது வருஷத்துக்கு முன்னாலேயே எப்படிச் சரியாகச் சொன்னார்கள் என்று சிலர் வியக்கிறார்கள். ஜோசியமெல்லாம் ஒன்றுமில்லை. அதே லாஸ் ஏஞ்சலஸில் 1965 ஆகஸ்டில் வாட்ஸ் பகுதியில் ஒரு கறுப்பு இளைஞரைப் போலீஸ் மறித்ததில் தொடங்கி ஆறு நாள் நடந்த கலகம், 34 சாவு. டென்னும் தாம்சனும் அதைப் பார்த்துத்தான் கலகக் காட்சிகளை அமைத்தார்கள். செய்திப்படம் மாதிரி ஆடுகிற கேமரா, தீ, கேடயம் பிடித்த போலீஸ் வரிசை. பழையதை எழுதினார்கள், அது திரும்ப நடந்தது.

படம் வெளியான 1972 ஜூனுக்கு ஒரு மாதம் முன்னால் பம்பாயில் நாம்தேவ் தசாலும் ஜே.வி. பவாரும் மற்ற தோழர்களும் தலித் பேந்தர்ஸைத் தொடங்கினார்கள். அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளின் பேரை எடுத்துக்கொண்டு. ஹாலிவுட்டுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் இரண்டு பக்கமும் அதே கறுப்பினத் தெருக்களைத்தான் அன்றைக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் விலங்கின் பேரைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள் என்பதையும், எடுத்தது எந்த விலங்கு என்பதையும், குரங்கு உவமையில் குழம்புகிறவர்கள் யோசித்துப் பார்க்கலாம்.

உவமையைப் பற்றிய என் கடைசி வாதம் கவர்னர் பிரெக்கின் வாயிலேயே இருக்கிறது. டான் மர்ரே நடித்தது. கலகத்தில் பிடிபட்ட பிறகு சீசர் அவனிடம் கேட்கிறான்: நாய், பூனையை நேசித்தீர்களே, எங்களை ஏன் அடிமையாக்கினீர்கள்? பிரெக் மறைக்காமல் சொல்கிறான். மனுஷன் குரங்கிலிருந்து வந்தவன், அந்த மிருகம் இன்னும் எங்களுக்குள் சுருண்டு கிடக்கிறது, உங்களைப் பார்க்கிறபோதெல்லாம் அது ஞாபகம் வருகிறது, நீங்கள் எங்களை அசுத்தப்படுத்துகிறீர்கள் என்கிறான். அதாவது தீட்டு. அமெரிக்க அடிமை முறையைப் பற்றிய பேச்சில் உழைப்புச் சுரண்டல் வரும், தோல் நிறம் வரும். தீட்டு என்கிற இடத்துக்கு இந்தப் படம் எப்படியோ வந்து சேர்ந்துவிட்டது. தன்னுடைய மலத்தை, தன்னுடைய சாவை, தன்னுடைய ரத்தத்தை இன்னொருத்தன் தலையில் தூக்கி வைத்துவிட்டு, தூக்குகிறவனைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொள்கிற வேலையை எங்களுக்குத் தெரியும். மிருகம் என்று பேர் வைத்தவன் எதை ஒளிக்க அந்தப் பேரை வைத்தான் என்று பேர் வைத்தவன் வாயாலேயே சொல்ல வைக்கிறது படம். அந்த ஒரு காட்சிக்காகவே குரங்கு உவமையின் நெருடலைப் பொறுத்துக்கொள்கிறேன்.

*

இனி அந்த முடிவு. பிரெக்கை இழுத்துவந்து சீசர் முன்னால் போடுகிறார்கள். கொரில்லாக்கள் துப்பாக்கிக் கட்டையை ஓங்கி நிற்கின்றன. அடிமைகளின் வாரிசு நான், உன்னிடம் மனிதத்தன்மையைக் கேட்கிறேன் என்று மக்டொனால்ட் மன்றாடுகிறார். நான் மனிதனாகப் பிறக்கவில்லையே என்கிறான் சீசர். பிறகு எரிகிற நகரத்தின் முன்னால் அவன் பேசுகிற பேச்சு. டென் எழுதி, தாம்சன் எடுத்தபடி, அந்தப் பேச்சு ஆத்திரத்தில் தொடங்கி ஆத்திரத்திலேயே முடிந்தது. பிரெக்கை அடித்தே கொன்றுவிடுகிறார்கள்.

முன்னோட்டக் காட்சியில் குடும்பத்தோடு வந்தவர்கள் மிரண்டுபோனார்கள். குழந்தைகளோடு வருகிற கூட்டம் போய்விடும், தணிக்கைச் சான்று கடுமையாகிவிடும் என்று ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் கம்பெனி பயந்தது. திரும்பப் படம் எடுக்கப் பணம் கிடையாது. என்ன செய்தார்கள்? மக்டோவலைக் கூப்பிட்டுப் புதுசாகக் கொஞ்சம் வசனம் பேசவைத்துப் பதிவு செய்தார்கள். வெறுப்பை விடுவோம், இரக்கத்தோடு ஆளுவோம் என்கிற மாதிரியான வசனம். அதை ஏற்கெனவே எடுத்திருந்த பேச்சோடு ஒட்டினார்கள். உதட்டசைவு பொருந்தாது என்பதால் சீசரின் கண்ணை மட்டும் நெருக்கத்தில் காட்டினார்கள். கொரில்லாக்கள் துப்பாக்கியைத் தாழ்த்துகின்றன. பிரெக் பிழைத்தான். பழைய முடிவு 2008இல் ப்ளூ-ரே வந்தபோதுதான் வெளியே வந்தது.

வெளியான படத்தில் சீசரின் மனசு மாறுவதற்கு ஒரு காரணம் காட்ட வேண்டுமே. லிசா என்கிற பெண் சிம்பன்சி. சீசரோடு குட்டி போடுவதற்கென்று பயிற்சிக்கூடம் அவளைச் சேர்த்து வைத்திருந்தது. படம் முழுக்கப் பேசாதவள். கொரில்லாக்கள் ஓங்குகிறபோது அவள் வாய் திறக்கிறது. 'நோ'.

கொர்னேலியஸ் சொன்ன புராணத்தை நினைத்துப் பாருங்கள். எஜமானனைப் பார்த்து அடிமை சொன்ன முதல் வார்த்தை அது. இரண்டு படமாகக் காத்திருந்த வார்த்தை. அது ஒருவழியாக வரும்போது எஜமானனைப் பார்த்து வரவில்லை, எஜமானனுக்காக வருகிறது. பயிற்சிக்கூடத்தில் வதைத்துப் பழக்கிய அதே வார்த்தை, அதே வேலையைத்தான் செய்கிறது: குரங்கின் கையை நிறுத்துகிறது. தமிழில் சொல்வதானால், 'மாட்டேன்' என்று வர வேண்டிய இடத்தில் பழையபடி ஒரு 'கூடாது' வந்து நிற்கிறது.

மாணவர்களுக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டிய இரண்டு மூன்று தடவையும் இந்த இடத்தில்தான் சண்டை வந்திருக்கிறது. பிடிபட்டவனைக் கொல்லாமல் விட்டது சரிதான், நாமும் அவர்கள் மாதிரி ஆகிவிடக் கூடாது என்று ஒரு கட்சி. அம்பேத்கர் பௌத்தத்துக்குப் போனது எதுக்கு என்றும் அவர்கள் கேட்பார்கள். கொன்றதைக் காட்டியிருக்க வேண்டும் என்று இன்னொரு கட்சி. ஒரு தடவை பின்வரிசையிலிருந்த ஒரு பெண் எழுந்து, "அவ மொதமொத வாயத் தொறந்ததே அவனக் காப்பாத்தத்தானா? அவளுக்குச் சொல்ல வேற ஒண்ணுமே இல்லியா? குட்டி போடக் கூண்டுல விட்டாங்களே, அப்பச் சொல்ல வேணாமா?" என்றாள். யாரும் பதில் பேசவில்லை. நான் படித்த கட்டுரைகளில் இந்தக் கேள்வியைப் பார்த்ததில்லை.

பிரெக்கைக் கொல்ல வேண்டும் என்பது என் கட்சி இல்லை. மன்னிப்பதா வேண்டாமா என்பதைச் சீசர் முடிவு செய்திருந்தால், அது எதுவானாலும், அவன் முடிவாக இருந்திருக்கும். இங்கே அந்த முடிவை எடுத்தது டிக்கெட் வாங்குகிற குடும்பங்களுக்குப் பயந்த கம்பெனி. எடுத்துவிட்டு அடிமையின் வாயில் வைத்தது. பெருந்தன்மையாக இரு என்று எங்களுக்கு உபதேசம் வருகிற நேரத்தைக் கவனித்திருக்கிறீர்களா? குடிசை எரிகிறபோது ஒருத்தனும் வர மாட்டான். எரித்தவன் பேரில் வழக்குப் போட்டு, அது உருப்படியாக நடக்கிற நிலைமை வந்ததும் சமாதானக் கமிட்டி கார் பிடித்து வந்துவிடும்.

ஒட்டுப்போட்ட இடம் தெரிகிற மாதிரியே ஒட்டியிருக்கிறார்கள் என்பது இந்தப் படத்துக்கு வாய்த்த அதிர்ஷ்டம். பணம் இருந்திருந்தால் நன்றாகவே மறைத்திருப்பார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேலாகப் படம் கூட்டிச் சேர்த்த ஆத்திரம் ஒரு பக்கம், கடைசியில் வருகிற இந்தச் சாந்தி வசனம் ஒரு பக்கம், இரண்டும் ஒட்டவேயில்லை. விவரம் எதுவும் தெரியாமல் பார்க்கிறவர்கள்கூட 'என்னமோ நடந்திருக்கு இங்க' என்று சொல்கிறார்கள். திரும்பத் திரும்பப் பார்க்கவைப்பது இந்தக் கோணல்தான் என்று நினைக்கிறேன். முடியாத ஒரு வழக்கு மாதிரி.

அடுத்த வருஷம் வந்த ஐந்தாம் பாகம் 'பேட்டில்' பலவீனமான படம், ஒரு விஷயத்தைத் தவிர. அதில் குரங்குகள் ஆட்சிக்கு வந்துவிட்டன. மனுஷர்கள் குரங்கைப் பார்த்து 'நோ' என்ற சொல்லைச் சொல்லக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. குரங்குகளுக்குப் பாடம் நடத்துகிற மனுஷ வாத்தியார் வாய் தவறிச் சொல்லிவிடுகிறார், பள்ளிக்கூடம் ரணகளமாகிறது. 'எங்களை அந்தச் சொல்லால் அடிக்காதே' என்கிற இந்தச் சட்டத்தை அதிகாரவெறி என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். சாதிப்பேரைச் சொல்லி வைவதைக் குற்றமாக்கிய 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை அதிகப்படி என்று சொல்கிறவர்களின் குரல் மாதிரியே அது கேட்கிறது.

2011இல் வந்த 'ரைஸ்' படத்தில் ஆண்டி செர்கிஸின் சீசர், மின்கம்பால் அடிக்க வருகிற காவல்காரனின் கையைப் பிடித்து, அவன் முகத்தைப் பார்த்தே 'நோ' என்கிறான். தியேட்டர் அதிர்ந்தது என்று அப்போது பார்த்தவர்கள் சொன்னார்கள். நாற்பது வருஷம் கழித்து அந்தச் சொல் போக வேண்டிய திசைக்குப் போனது, அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அந்தப் படத்தில் அடிமைச் சந்தை கிடையாது, ஏலம் கிடையாது, வீட்டுக்கு வீடு வேலைக்காரக் குரங்கு கிடையாது. கெட்ட காவல்காரன் ஒருத்தன், பேராசைக்கார மருந்துக் கம்பெனி முதலாளி ஒருத்தன், அவ்வளவுதான். மனுஷ இனத்தை அழிக்கிற வேலையை ஒரு கிருமி பார்த்துக்கொள்கிறது. 1972இல் கையால் தடுத்த துப்பாக்கிக் கட்டையை இப்போது தடுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் கதையை எழுதிவிட்டார்கள். தொழில்நுட்பம் பிரமாதம், ஒட்டுப்போட்ட இடம் எங்கேயும் தெரியவில்லை.

திரையிட நினைக்கிற தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'கான்க்வெஸ்ட்' படத்தைத் திரையரங்கில் வந்த முடிவோடு முழுசாகப் போட்டுவிட்டு, விளக்கைப் போடாமல், பழைய முடிவின் கடைசிப் பத்து நிமிஷத்தைத் தொடர்ந்து போடுங்கள். முதலில் பழையதைப் போட்டால் வெளியானதைப் பார்த்து எல்லாரும் சிரித்துவிடுகிறார்கள், விவாதம் நடக்காது. லிசாவைப் பற்றி முன்கூட்டியே எதுவும் சொல்லிவிடாதீர்கள்.